காதிலா, ஒயரிலா, ப்ளூடூத்திலா, ஸ்பீக்கரிலா: செல்போனில் எப்படிப் பேசுவது நல்லது?

இரண்டு கேள்விகள் ஓயாமல் வருகின்றன. ஒன்று, வேலூருக்கு இதய சிகிச்சைக்கு வந்து போகும் குடும்பங்களுடையது: "அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள், கழுத்தில் தொங்கும் ப்ளூடூத் நெக்பேண்ட் வாங்கித் தரலாமா?" இன்னொன்று, நாளெல்லாம் போனிலேயே வியாபாரம் பார்ப்பவர்களுடையது: "காதில் வைத்தால் கதிர்வீச்சு என்கிறார்கள். ப்ளூடூத் போட்டாலும் அதே கதிர்வீச்சுதானே?"

போன் அனுப்புவதும் ரேடியோ அலை, ப்ளூடூத் அனுப்புவதும் ரேடியோ அலை. சக்தியின் அளவு வேறு, உடலில் அது இருக்கும் இடம் வேறு. இந்த இரண்டையும் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு டவர் எத்தனை கோடு காட்டுகிறது, நெஞ்சுக்குள் கருவி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எதை வைத்து அளப்பது?

முதல் அளவுகோல் சக்தி. 4ஜி போன் வழக்கமாக 200 மில்லிவாட்டுக்கு மேல் அனுப்பாது. 2ஜியில் ஓடும் பழைய பட்டன் போன், 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஒவ்வொரு துடிப்பிலும் 2 வாட் வரை போகும். எட்டில் ஒரு பங்கு நேரம்தான் அனுப்புகிறது என்பதால் சராசரி 250 மில்லிவாட். பட்டன் போனை ரேடியோ பக்கத்தில் வைத்திருக்கும்போது, மணி அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் "டிக் டிக் டிர்ர்ர்" என்று இரைச்சல் கேட்குமே, அது இந்தத் துடிப்புதான். நொடிக்கு 217 துடிப்பு. "பெரியவர்களுக்குப் பட்டன் போன்தான் பாதுகாப்பு" என்று பலர் நம்புகிறார்கள். ரேடியோ அலையை மட்டும் வைத்துப் பார்த்தால் அது சரியில்லை. பட்டன் போன்தான் வேண்டும் என்றால் 4ஜியில் பேசும் பட்டன் போனாகப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது தூரம். ஆன்டெனாவிலிருந்து விலக விலக அலையின் வேகம் குறையாது, ஆனால் வலு மளமளவென்று குறையும். காதோடு ஒட்டியிருப்பதற்கும் ஒரு சாண் தள்ளி மேசையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம், போன் மாடலை மாற்றுவதால் கிடைக்கும் வித்தியாசத்தைவிடப் பல மடங்கு பெரியது.

மூன்றாவது டவர். இதைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. போன் எப்போதும் முழு சக்தியில் கத்திக்கொண்டிருப்பதில்லை. டவர் நன்றாகக் கிடைத்தால் ஒன்றிரண்டு மில்லிவாட்டிலேயே வேலையை முடித்துக்கொள்ளும். வழியில் 10 டெசிபல் இழப்பு கூடினால், அதை ஈடுகட்ட 10 மடங்கு சக்தி போடும். கான்கிரீட் சுவர் ஒன்றிரண்டு தாண்டி உள்ளறையில் உட்கார்ந்தால் இந்த இழப்பு எளிதில் வந்துவிடும். வேலூரைச் சுற்றி மலைகள். மலையடிவாரத் தெருக்களில் ஒரு பக்கம் நாலு கோடு, மறுபக்கம் ஒரு கோடு. அணைக்கட்டு வட்டத்து மலைமேல் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை பக்கம் போனால் ஒரே வளைவுக்குள் டவர் வந்து போகும். அங்கே காதில் வைத்து அரை மணி நேரம் பேசுவதும், காட்பாடி டவுனில் ஜன்னலோரம் நின்று அரை மணி நேரம் பேசுவதும் ஒன்றல்ல.

நான்காவது, உடலுக்குள் கருவி. பேஸ்மேக்கர், அதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்கும் ஐசிடி, காதுக் கருவி ஆகியவை இருந்தால் கணக்கே வேறு. ரேடியோ அலையைவிடக் காந்தம்தான் அங்கே முதலில் கவனிக்க வேண்டியது.

கடைசியாக மறைசெலவு: காது கேட்கும் திறன், சாலையில் கவனம், பேட்டரி தேய்மானம், பக்கத்தில் இருப்பவரின் நிம்மதி.

புற்றுநோய் பற்றிய பயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011ல் ரேடியோ அலைகளை 2பி பிரிவில், அதாவது "புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு இருக்கலாம், ஆனால் சான்று குறைவு" என்ற வரிசையில் வைத்தது. அந்த அமைப்பு கேட்டுக்கொண்டபடி செய்த பெரிய தொகுப்பாய்வு 2024ல் வெளிவந்தது. செல்போனுக்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு எதுவும் அதில் தெரியவில்லை. ஆகவே பதற வேண்டாம். காசு செலவில்லாமல் குறைக்க முடிகிற இடத்தில் குறைத்துக்கொள்வது நல்லது, அவ்வளவுதான்.

காதில் வைத்துப் பேசுவது

தலைக்கு அதிக அலை போவது இந்த முறையில்தான். அதற்காகத்தான் எஸ்.ஏ.ஆர். வரம்பு, அதாவது உடல் திசு உறிஞ்சும் ரேடியோ அலைச் சக்திக்கான வரம்பு. இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல், எந்த ஒரு கிராம் திசுவிலும் கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. உங்கள் போனின் அளவைப் பார்க்க *#07# என்று அழுத்துங்கள்; தலைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று என இரண்டு எண் வரும். அந்த எண் போன் முழு சக்தியில் இருக்கும்போது எடுத்த அளவு. 0.8 உள்ள போனை டவர் இல்லாத உள்ளறையிலும், 1.2 உள்ள போனை ஜன்னலோரத்திலும் பயன்படுத்தினால், பின்னதில்தான் தலைக்குக் குறைவாகப் போகும். போன் வாங்கும்போது இந்த எண்ணை மட்டும் வைத்துச் சண்டை போடுவது வீண்.

இரண்டு மூன்று நிமிஷப் பேச்சுக்கு, டவர் நன்றாக இருக்கும் இடத்தில், காதில் வைப்பதில் குறையே இல்லை. இரகசியம் காக்கவும், கடைத்தெரு இரைச்சலில் பேசவும் இதுதான் எளிது. சில பழக்கங்கள் போதும். எதிர்முனையில் எடுத்த பிறகு காதுக்குக் கொண்டுபோங்கள். குறிப்பாக 2ஜி போனில், இணைப்புத் தேடும்போதுதான் சக்தி ஏறியிருக்கும். ஒற்றைக் கோடு காட்டினால் திரும்ப அழைப்பதாகச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

அக்னி நட்சத்திர வெயிலில் போன் காதைச் சுடுகிறது, கதிர்வீச்சு உள்ளே இறங்குகிறது என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தச் சூடு பெரும்பாலும் பேட்டரியும் உள்ளே ஓடும் சில்லும் தருவது. காதை மூடியிருப்பதால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் போவதும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் டவர் பலவீனமாக இருந்தால் போன் அதிகச் சக்தி போட்டு அதனாலும் கூடுதலாகச் சூடாகும். அதனால் சூட்டை ஒரு தகவலாக எடுத்துக்கொண்டு இடம் மாறிப் பேசலாம்.

ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுபவர்களைப் பார்க்கிறோம். வாலாஜாவிலிருந்து வாணியம்பாடி வரை லாரி ஓயாத சாலை அது. அங்கே ரேடியோ அலையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அதற்கு முன்னால் லாரி வந்துவிடும். இயர்போனாக இருந்தாலும், ப்ளூடூத்தாக இருந்தாலும், ஓட்டும்போது பேச்சே வேண்டாம். வண்டியை ஓரம்கட்டுங்கள்.

ஒயர் இயர்போன்

நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசுபவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். காதில் அலை அனுப்பும் பொருளே இல்லை. ஒயர் கொஞ்சம் அலையைக் கடத்துமே என்று கேட்பார்கள். கடத்தும், ஆனாலும் போனை காதில் வைப்பதோடு ஒப்பிட்டால் தலைக்குப் போவது மிகக் குறைவு. சார்ஜ் போட வேண்டாம். விலையும் குறைவு.

இது வீணாகும் இடம் சட்டைப்பை. காதில் இயர்போனை மாட்டிவிட்டு போனை இடது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பேசினால், தலையிலிருந்து எடுத்ததை நெஞ்சுக்குக் கொடுத்ததுதான் மிச்சம். ஒயர் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் இருக்கிறது. போனை மேசையிலோ ஜன்னல் திண்டிலோ வையுங்கள். ஜன்னலோரம் டவரும் நன்றாகக் கிடைக்கும். உடலில் ஒட்டி வைக்கும்போது 15 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லிப் பல போன்களின் கையேட்டிலேயே இருக்கிறது. யாரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.

மறைசெலவு இரண்டு. புது போன் பலவற்றில் வட்டத் துளை இல்லை. டைப்-சி இயர்போனோ மாற்றியோ (அடாப்டர்) வாங்க வேண்டும். அதைவிடப் பெரியது செவித்திறன். பஸ் இரைச்சலை மீறிக் கேட்க வால்யூமை ஏற்றுகிறோம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதே உலக சுகாதார அமைப்பு சொல்லும் பாதுகாப்பான அளவு. பஸ்ஸில் வால்யூமை முக்கால் வரை ஏற்ற வேண்டியிருந்தால், அந்தப் பேச்சை இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ளூடூத்: காதுக்குள் செருகுவது, கழுத்தில் தொங்குவது

ப்ளூடூத் கருவிகளைச் சக்தியை வைத்து வகுப்பு பிரிக்கிறார்கள்; பல இயர்போன்கள் வரும் இரண்டாம் வகுப்புக்கு உச்சவரம்பு 2.5 மில்லிவாட். சில மாடல்கள் அதைவிடக் கூடுதலாக அனுப்பினாலும், போனின் 200 மில்லிவாட்டோடு வைத்துப் பார்த்தால் சிறு பங்கு. ஆகவே டவர் குறைவான இடத்தில், போனைத் தள்ளி வைத்துவிட்டு ப்ளூடூத்தில் பேசினால் தலைக்கு நிச்சயம் லாபம். டவர் முழுசாக இருக்கும் இடத்தில் போனே ஒன்றிரண்டு மில்லிவாட்டில்தான் பேசிக்கொண்டிருக்கும். அங்கே ப்ளூடூத்தால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. கை ஓய்வாக இருக்கும், அவ்வளவுதான்.

பேச்சு முடிந்தும் நாள் முழுக்கக் காதிலேயே விட்டுவைப்பதுதான் இதன் தவறான பழக்கம். அலை கொஞ்சம்தான், ஆனால் தேவையே இல்லாத கொஞ்சம். காதுத்துளை ஈரமாகி அரிப்பு வருவது அதைவிட நிஜமான தொல்லை. வேலூர் வெயிலில் சீக்கிரம் வரும். உள்ளே இருக்கும் குட்டி பேட்டரி சில வருஷத்தில் தளர்ந்துவிடும், மாற்றவும் முடியாது.

நெக்பேண்டைத் தனியாகப் பேச வேண்டும். பெரும்பாலான நெக்பேண்டில் இரண்டு முனையும் ஒன்றோடொன்று "டப்" என்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவது காந்தம். பேசி முடித்ததும் காதிலிருந்து கழற்றி விடுகிறோம். முனைகள் கழுத்தெலும்புக்குக் கீழே, நெஞ்சின் மேல் வந்து தொங்குகின்றன. பேஸ்மேக்கர் வைப்பது எங்கே? பெரும்பாலும் இடது கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில். இரண்டும் ஒரே இடம்.

காந்தம் மிக அருகில் வந்தால், பேஸ்மேக்கர் இதயத் துடிப்பைக் கவனிப்பதை விட்டுவிட்டு ஒரே சீரான வேகத்தில் துடிப்புக் கொடுக்கத் தொடங்கும். மருத்துவர் பரிசோதிக்கும்போது வேண்டுமென்றே காந்தம் வைத்துச் செய்வதும் இதுதான். ஐசிடியில் நிலைமை இன்னும் கவனமானது: காந்தம் பக்கத்தில் இருக்கும் வரை ஆபத்தான துடிப்பு வந்தாலும் அது அதிர்ச்சி கொடுக்காமல் இருந்துவிடலாம். காந்தத்தை விலக்கினால் கருவி பழைய நிலைக்குத் திரும்பும், கெட்டுப்போவதில்லை. ஆனால் நெக்பேண்டைப் போட்டபடியே படுத்துத் தூங்கிவிட்டால், விலக்க யார் இருக்கிறார்கள்? எனவே முதல் கேள்விக்குப் பதில்: பேஸ்மேக்கர், ஐசிடி வைத்தவருக்கு நெக்பேண்ட் வேண்டாம்.

சின்ன இயர்பட்டிலும் காந்தம் உண்டு, அதன் டப்பா மூடியிலும் உண்டு. ஒயர் இயர்போனின் ஒலிபெருக்கிக்குள்ளும் உண்டு. காதில் இருக்கும்போது தூரம் போதும். கழற்றியதும் கழுத்தில் தொங்கவிடுவதும், டப்பாவைச் சட்டைப்பையில் போடுவதும்தான் சிக்கல்.

ஸ்பீக்கரில் பேசுவது

எதுவும் வாங்க வேண்டாம். போன் ஒரு அடி தள்ளி மேசையில் இருக்கும். தலைக்கும் தூரம், நெஞ்சுக்கும் தூரம், காதுக்குள் எதுவும் இல்லை. வீட்டில், குறிப்பாக வயதானவருக்கும் பேஸ்மேக்கர் வைத்தவருக்கும், இதுவே மிகச் சிறந்தது. பிஸ்கட் கடிப்பதுபோல வாய்க்கு நேரே பிடித்துப் பேசினால் லாபத்தில் பாதி போய்விடும். கீழே வைத்துவிட்டுப் பேசுங்கள்.

வெளியில் இது தொந்தரவு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள காந்தி ரோடு, பாபு ராவ் தெரு விடுதிகளில் ஒரு சுவருக்கு அப்பால் ஆபரேஷன் முடிந்தவர் படுத்திருப்பார். வார்டில் பேசுவதானால் நோயாளியின் கருவிகளுக்குப் பக்கத்தில் வேண்டாம். மருத்துவ மின்கருவிகளுக்கான சர்வதேசத் தரப்படி, கையடக்க ரேடியோ கருவி 30 சென்டிமீட்டருக்குள் வரக்கூடாது. ஊசிமருந்துப் பம்பின்மேல் போனை வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஊழியர் சொல்வதே சட்டம்.

ஒரே பார்வையில்

| | காதில் | ஒயர் | ப்ளூடூத் | ஸ்பீக்கர் |
|---|---|---|---|---|
| தலைக்குப் போகும் அலை | அதிகம். டவர் குறைந்தால் இன்னும் அதிகம் | மிகக் குறைவு | குறைவு | மிகக் குறைவு |
| போன் இருக்க வேண்டிய இடம் | கருவி இல்லாத பக்கக் காது | மேசை, ஜன்னல் திண்டு | மேசை, பை | ஒரு அடி தள்ளி |
| பேஸ்மேக்கர் வைத்தவருக்கு | எதிர்ப்பக்கக் காதில், சுருக்கமாக | சரி. கழுத்தில் தொங்கவிடக் கூடாது | இயர்பட் சரி, நெக்பேண்ட் வேண்டாம் | முதல் தேர்வு |
| மறைசெலவு | கை வலி, காதுச் சூடு | வால்யூம், மாற்றி | பேட்டரி ஆயுள், காது அரிப்பு | இரகசியம் போகும் |
| பொருத்தமான நேரம் | மூன்று நிமிஷப் பேச்சு | நீண்ட பேச்சு, அலுவலகம் | கை வேலையோடு பேச | வீடு |

ஐந்தாவதாக ஒன்று: வைஃபை காலிங்

பலரும் தொடாத வழி இது. வீட்டுக்குள் டவர் ஒற்றைக் கோடு, ஆனால் வைஃபை இருக்கிறது என்றால், செட்டிங்ஸில் சிம் பகுதிக்குள் போய் "வைஃபை காலிங்" என்பதை ஆன் செய்யுங்கள். போன் தொலைவிலுள்ள டவருக்குப் பதிலாகப் பக்கத்து ரவுட்டரோடு பேசும். குரலுக்கு அனுப்பும் நேரமும் மிகச் சொற்பம். கரன்ட் போனால் ரவுட்டரும் போய்விடும் என்பதுதான் குறை. இன்வெர்ட்டர் இணைப்பில் ரவுட்டரைச் சேர்த்தால் அதுவும் தீரும்.

டவர் உண்மையில் எவ்வளவு என்று பார்க்கக் கோட்டை நம்பாதீர்கள்; ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகக் கோடு போடும். ஆண்ட்ராய்டில் "அபவுட் போன்", "ஸ்டேட்டஸ்", "சிம் ஸ்டேட்டஸ்" என்று உள்ளே போனால் சிக்னல் ஸ்ட்ரெங்த் டிபிஎம் அளவில் இருக்கும். 4ஜியில் மைனஸ் 90க்கு மேல் (மைனஸ் 80, மைனஸ் 85) நல்லது. மைனஸ் 110ஐத் தாண்டிக் கீழே போனால் போன் திணறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, நல்ல மூலையில் நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள்.

கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர் என்று கடையில் விற்பதை வாங்க வேண்டாம். ஆன்டெனாவை உண்மையாகவே மறைத்தால் போன் இன்னும் அதிகச் சக்தி போடும். மறைக்காவிட்டால் ஸ்டிக்கரால் பயனில்லை. தெருவில் டவர் வைக்கக்கூடாது என்று மனு கொடுப்பவர்களுக்கும் இதே கணக்குதான்: டவர் தூரமாகப் போனால், காதோடு ஒட்டியிருக்கும் போன்தான் சத்தமாகக் கத்தும்.

பேஸ்மேக்கர், ஐசிடி வைத்தவர் வீட்டில்

நம் ஊர்ச் சட்டைக்குப் பை இடது பக்கம். கருவியும் பெரும்பாலும் இடது பக்கம். பெண்கள் பர்ஸோடு சேர்த்து போனை ஜாக்கெட்டுக்குள் செருகும் பழக்கமும் அதே இடத்தில்தான் போய் முடிகிறது. போனுக்கும் கருவிக்கும் இடையே 15 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய முக்கால் சாண், எப்போதும் இருக்க வேண்டும். பேண்ட் பை, இடுப்பில் கட்டும் பை, தோளில் மாட்டும் துணிப்பை எதுவானாலும் சரி. பேசும்போது கருவி இல்லாத பக்கக் காது.

முதுகில் காந்த வளையம் உள்ள போன்களுக்கும் அதே 15 சென்டிமீட்டர். வயர்லெஸ் சார்ஜரில் இருக்கும்போது 30. அந்தச் சார்ஜரைத் தலைமாட்டில் வைக்கக் கூடாது. காவலாளி வேலையில் 5 வாட் வாக்கி டாக்கி வைத்திருப்பவர், அதைத் தோள்பட்டையில் மாட்டாமல் இடுப்பில் வலப்பக்கம் மாட்டி, 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துப் பேச வேண்டும்.

பேசிக்கொண்டிருக்கும்போது தலைசுற்றலோ படபடப்போ வந்தால் முதலில் போனைக் கீழே வைத்து விலகுங்கள். சரியானால் நேரத்தையும், எந்தக் காதில் எந்தப் பொருள் இருந்தது என்பதையும் எழுதி, அடுத்த பரிசோதனையில் சொல்லுங்கள். கருவியின் நினைவில் பதிவாகியிருந்தால் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். விலகியும் சரியாகவில்லை என்றாலோ, ஐசிடி அதிர்ச்சி கொடுத்தாலோ, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

காதுக் கருவி மாட்டியவருக்குச் சிக்கல் வேறு: 2ஜி போனைக் காதருகே கொண்டுவந்தால் இரைச்சல் கேட்கும். போன் பெட்டியில் எம்3 அல்லது எம்4 என்று இருந்தால் அந்த இரைச்சல் குறைவு. டி3, டி4 என்று இருந்தால் கருவியின் டெலிகாயிலிலும் (ஒலியைக் காந்தப்புலம் வழியாகப் பிடிக்கும் சுருள்) நன்றாகக் கேட்கும்.

வீட்டில் கிடக்கும் இயர்போனில், டப்பாவில், போன் உறையில் காந்தம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஊக்கு போதும். நூலில் கட்டித் தொங்கவிட்டு மெல்லக் கிட்டே கொண்டுபோங்கள். ஊக்கு அசைந்து ஒட்டினால் காந்தம் இருக்கிறது. எவ்வளவு வலு என்று ஊக்கு சொல்லாது. ஒட்டிய பொருள் எதுவாக இருந்தாலும் நெஞ்சிலிருந்து அந்த முக்கால் சாண் தூரத்தில் இருக்கட்டும்.